எக்ஸ்-1 அட்டை முதல் ஏடிஎஸ் வரை: எங்க ஊர்ப் பக்கத்துச் சல்லடைகள்

ஆபீஸில் ஆணி அதிகம். அதனால் பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு. இந்த முறை கொஞ்சம் நீளமான கொசுவத்தி, டீ எடுத்து வெச்சுக்கிட்டு உட்காருங்க.

போன மாசம் சித்தப்பா பையன் ஆம்பூரில் இருந்து போன் பண்ணினான். டிப்ளமா முடிச்சவன். ஆறு வருஷமா ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறான். வேற தொழிலுக்கு மாறலாம்னு ஒரு பெரிய கம்பெனியின் வெப்சைட்டில் ராத்திரி 11.40க்கு அப்ளை பண்ணியிருக்கான். 11.46க்கு 'வருந்துகிறோம்' என்று மெயில் வந்துவிட்டது.

"அண்ணா, ஆறு நிமிஷத்துல எந்த மனுஷன் படிச்சிருப்பான்? மெஷினே தூக்கிப் போட்டுடுதாம். ஏடிஎஸ்ஸாமே? அதைத் தாண்டுற மாதிரி ரெஸ்யூம் எழுதித் தர்றேன்னு ஒருத்தர் 2,000 ரூபா கேக்குறாரு. கட்டலாமா?"

கட்டாதேன்னு சொன்னேன். காரணத்தைப் பின்னாடி சொல்றேன். ஆனால் அவன் கேள்வி மண்டைக்குள்ளேயே சுத்திக்கிட்டு இருந்தது. சல்லடை, அந்தச் சல்லடையைத் தாண்ட வழி சொல்லிக் காசு வாங்குகிற ஆள் – இந்த ஜோடி எப்போ இருந்து இருக்கு? நோண்டிப் பார்த்தால், நான் நினைத்ததை விட ரொம்பப் பழசு. அதில் பாதி எங்க ஊர்ப் பக்கமே கிடக்கிறது.

முதலில், காகிதமே இல்லாத சல்லடை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைன்னு பாலாற்றை ஒட்டி நீளுகிற எங்க தோல் பட்டையில் பல தலைமுறைக்கு பயோடேட்டா என்கிற வஸ்து தேவையே படவில்லை. ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பதனிட்ட தோல் லண்டனுக்குக் கப்பலேறிய காலத்தில், டேனரிக்கு ஆள் கொண்டு வந்தவர் மேஸ்திரி. அவருக்குத் தெரிந்த தெரு, அவருக்குத் தெரிந்த குடும்பம், அவ்வளவுதான். முதலீடு பெரும்பாலும் முஸ்லிம் வணிகக் குடும்பங்களுடையது. சுண்ணாம்புத் தொட்டியில் காலை விட்டு நின்றவர்கள் பெரும்பாலும் தலித்கள். யாருக்கு எந்த வேலை என்பது பிறந்த தெருவிலேயே முடிவாகிவிடும். இதைவிடக் கறாரான சல்லடை உலகத்தில் எந்த சாஃப்ட்வேரிலும் கிடையாது.

1972-இல் சீதாராமையா கமிட்டி, பச்சைத் தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் அப்படியே ஏற்றுமதி பண்ணுவதைக் குறைத்து, முழுசாக முடித்த தோலும் தோல் பொருட்களும் அனுப்ப வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன் தொடர்ச்சியாகத்தான் எங்க பக்கம் ஷூ கம்பெனிகள் பெருகின. ஷூ அப்பர் தைக்க ஆயிரக்கணக்கில் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். கம்பெனி பஸ் கிராமம் கிராமமாகப் போய் ஏற்றிக்கொண்டு வரும். அப்போதும் கேட்டில் நடந்தது இதுதான்: ஒரு தோல் துண்டைக் கையில் கொடுத்து மெஷினில் உட்கார வைப்பாங்க. தையல் நேரா வந்தா நாளைக்கு வா. எட்டாவது பாஸா ஃபெயிலா என்று யாரும் கேட்கவில்லை. இந்தச் சல்லடை எனக்குப் பிடிக்கும். செய்யப்போகிற வேலையையே செய்து காட்டச் சொல்கிற பரீட்சை. எங்க ஃபீல்டில் மூணு மணி நேரம் கோடிங் டெஸ்ட் வைத்தும் இந்தத் தெளிவு வருவதில்லை :-)

எழுத்தில் வைத்த தகுதி விதி என்று பார்த்தால், நம்ம பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்தது உத்திரமேரூர். காஞ்சிபுரம் பக்கம்தான், வேலூரில் இருந்து ஒரு பஸ் மாறினால் போய்விடலாம். குடவோலை, ஜனநாயகம் என்று மேடையில் முழங்குவாங்க. ஆனால் ஓலை குடத்துக்குள் போவதற்கு முன்னாடி நடந்த வடிகட்டலைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. பராந்தகச் சோழன் காலத்து 919-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் வயது வரம்பு 30 முதல் 60. ரெண்டே வருஷத்தில், 921-இல், அதைத் திருத்தி 35 முதல் 70 ஆக்குகிறார்கள். கால் வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும், வேதப் படிப்பு வேண்டும். போன தடவை பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் சொந்தக்காரனும் அவுட். ஒரு விதிவிலக்கும் உண்டு: அரைக்கால் வேலிதான் இருக்கு, ஆனால் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் தெரியும் என்றால் ஓலையைப் போடலாம். இன்றைக்கு வருகிற 'டிகிரி இல்லாவிட்டால் இத்தனை வருஷ அனுபவம்' என்கிற வரிக்கு இது நேர் தாத்தா. இப்படி வடிகட்டி முடித்த பிறகுதான் சின்னப் பையனைக் கூப்பிட்டு ஓலையை எடுக்கச் சொன்னார்கள். சபைக்குள் பெரும்பாலான மக்களின் பெயர் ஓலையிலேயே ஏறவில்லை. இருந்தாலும் ஒன்று: விதியைக் கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள். யார் வேணா நின்று படிக்கலாம். இதை ஞாபகம் வெச்சுக்குங்க.

ஆயிரம் வருஷம் தாண்டிக் குதிப்போம்.

மதராஸ் மாகாணத்தில் அரசு வேலை என்பது துறைத் தலைவரின் தயவாக இருந்த காலம். யாருடைய சிபாரிசுக் கடிதம், யாருடைய மாமா என்பதுதான் தகுதி. இந்தச் சண்டையில்தான் நீதிக்கட்சி ஆட்சியில் வகுப்புவாரி உத்தரவுகளும், 1924-இல் ஊழியர் தேர்வு வாரியமும் வந்தன. 1929-இல் மதராஸ் சர்வீஸ் கமிஷன். இந்தியாவில் ஒரு மாகாணம் அமைத்த முதல் தேர்வாணையம் இது. இன்றைய டிஎன்பிஎஸ்சி இதன் வாரிசுதான். மனு போடு, பரீட்சை எழுது, பட்டியலில் பேரைப் பார் என்கிற பழக்கம் நமக்கு அங்கிருந்து வந்தது.

ஆனால் எங்க வீட்டுப் பெரியவர்களுக்கு வேலை என்றால் நினைவுக்கு வருவது கமிஷன் கூட இல்லை, எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச். 1945-இல் ரெண்டாம் உலகப்போர் முடிகிற நேரத்தில், பட்டாளத்தில் இருந்து திரும்புகிறவர்களுக்கு வேலை தேடித் தரத்தான் இந்த அமைப்பு பிறந்தது. எங்க பக்கம் பட்டாளத்துக்குப் போனவர்கள் அதிகம், வேலூர் அருகே கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அப்புறம் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டார்கள். 1956 நவம்பரில் தினசரி நிர்வாகம் மாநிலங்களின் கைக்கு வந்தது. 1959-இல் காலியிடங்களைக் கட்டாயம் அறிவிக்கச் சொல்லும் சட்டம். 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்த தனியார் நிறுவனமும் காலியிடத்தை எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லியாக வேண்டும் என்றது அது. அங்கிருந்துதான் ஆள் எடுக்கணும்னு கட்டாயம் இல்லை, சொன்னால் போதும். நம்ம ஊர் சட்டம்!

பொட்டி தட்டுகிறவன் கண்ணோடு பார்த்தால் எக்ஸ்சேஞ்ச் ஒரு அழகான டேட்டாபேஸ். நீங்க போய்ப் பதிவு பண்ணினால் உங்க பேரில் எக்ஸ்-1 என்று ஒரு அட்டை உள்ளே இருக்கும். உங்க கையில் எக்ஸ்-10 என்கிற அடையாள அட்டை. எக்ஸ்-1 அட்டையில் உங்க தொழிலுக்கு ஒரு குறியீட்டு எண் போடுவாங்க. தேசிய தொழில் வகைப்பாடு என்று 1958-இல் ஒரு பெரிய பட்டியல் போட்டு, 1968-இல் திருத்தினார்கள். அந்த 1968 பட்டியலில் தோல் பதனிடுகிறவர்கள் குரூப் 76. ஷூவும் தோல் பொருளும் செய்கிறவர்கள் குரூப் 80. எங்க ஊர் மொத்தமும் இந்த ரெண்டு எண்ணுக்குள் அடக்கம். படிப்பு முடித்து அனுபவம் இல்லாமல் வருகிறவர்களுக்கு 'எக்ஸ்' என்று தனிப் பிரிவு. வேலை இல்லாதவனுக்கு அரசாங்கமே எக்ஸ் என்று பேர் வைத்திருந்தது, என்ன ரசனை பாருங்க.

ஒரு காலியிடம் வந்தால் அதற்கான எண்ணுள்ள அட்டைகளை உருவி, பதிவு மூப்புப்படி பேர்களை அனுப்புவார்கள். எண் தப்பாக விழுந்தால் நீங்க கண்ணுக்கே தெரிய மாட்டீங்க. இன்றைக்குச் சொல்கிற கீவேர்டு மேட்சிங் இதுதான், அட்டைப்பெட்டியில் செய்தார்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மறந்தால் சீனியாரிட்டி போச்சு. அப்படிப் போனவர்களுக்காக அரசு அவ்வப்போது சிறப்புச் சலுகை அறிவித்தது என்பதே எத்தனை பேர் மறந்தார்கள் என்பதற்குச் சாட்சி.

இந்தச் சல்லடையைச் சுற்றி ஒரு கூட்டம் பிழைத்தது. தாலுகா ஆபீஸ் மரத்தடியில் மனு எழுதித் தருகிறவர். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்த மாஸ்டர், லோயர் ஹையர் சொல்லிக் கொடுத்த நேரம் போக, பாண்ட் பேப்பரில் பயோடேட்டா அடித்துத் தருவார். "ஐ பெக் டு ஸ்டேட்" என்று ஆரம்பிக்கணுமா "வித் ரெஃபரன்ஸ் டு யுவர் அட்வர்டைஸ்மென்ட்" என்று ஆரம்பிக்கணுமா என்பதில் அவர்தான் சுப்ரீம் கோர்ட். சான்றிதழ் நகலில் பச்சை இங்க் கையெழுத்து வாங்க கெஜடட் ஆபீஸர் வீட்டு வாசலில் நிற்பது தனிக் கலை. 2010-களில் சுய சான்றொப்பம் வந்த பிறகுதான் அந்தத் தொல்லை பெருமளவு ஒழிந்தது. அப்புறம் டிடிபி சென்டர், பிரவுசிங் சென்டர். சித்தப்பா பையனிடம் 2,000 ரூபாய் கேட்டவர் இந்தப் பரம்பரையின் லேட்டஸ்ட் வாரிசு.

எக்ஸ்சேஞ்சில் எல்லாம் ஒழுங்கா நடந்தது என்று ஜல்லி அடிக்க மாட்டேன். பல பேருக்கு அந்த அட்டை கடைசி வரை ஒரு வேலையும் தரவில்லை. எங்க பெரியம்மா பத்தாவது முடித்துப் பதிந்தவர். அட்டையில் வட ஆற்காடு மாவட்டம் என்று இருக்கும். அந்த மாவட்டத்தை 1989-இல் ரெண்டாகப் பிரித்து, பின்னால் எங்க பாதிக்கு வேலூர் என்று பேர் மாற்றினார்கள். பெரியம்மா மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தவறாமல் புதுப்பித்துக்கொண்டே, ஷூ கம்பெனியில் அப்பர் தைத்தார். இன்டர்வியூ கார்டு வரவே இல்லை. ஆனால் ஏன் வரவில்லை என்று அவருக்குத் தெரியும். கவுன்டரில் போய்க் கேட்டிருக்கிறார். உங்க பிரிவில் இந்த வருஷம் பதிந்தவர்கள் வரைக்கும்தான் போயிருக்கு, உங்க வருஷம் இன்னும் வரலைம்மா என்று பதில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கோபமாகத் திரும்பி வந்தார், ஆனால் குழப்பமாக வரவில்லை.

அந்த கவுன்டர்தான் இந்தப் பதிவின் மேட்டரே. விதி தெரிந்த சல்லடையோடு சண்டை போடலாம். போட்டார்கள். எக்ஸ்சேஞ்ச் வழியாக வந்தவர்களை மட்டும் எடுப்பது சரியா என்ற வழக்கு, ஹர்கோபால் வழக்கு என்பார்கள், 1987-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. சட்டம் அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் அரசுத் துறைகள் அப்படி ஒரு நடைமுறை வைத்துக்கொள்வது தவறில்லை என்றது கோர்ட். 1996-இல் விஸ்வேஸ்வர ராவ் வழக்கில் அதே கோர்ட் இன்னும் ஒரு படி போய், எக்ஸ்சேஞ்சில் கேட்டால் மட்டும் போதாது, பத்திரிகையிலும் நோட்டீஸ் போர்டிலும் ரேடியோ டிவியிலும் அறிவித்து, வருகிற எல்லாரையும் பரிசீலிக்க வேண்டும் என்றது. விதி கண்ணுக்குத் தெரிந்ததால்தான் அதை எதிர்த்து வாதாட முடிந்தது.

இதே நேரத்தில் வெளிநாட்டில் என்ன நடந்தது என்று பார்த்தால், மெஷின் சல்லடை நாம் நினைப்பதை விட முன்னாலேயே வந்துவிட்டது. லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரியில் ஒரு டாக்டரே உட்கார்ந்து புரோகிராம் எழுதினார். 1982-இல் இருந்து மாணவர் விண்ணப்பங்களை முதல் சுற்றில் அதுதான் வடிகட்டியது. மனிதர்கள் தேர்ந்தெடுத்ததோடு ஒப்பிட்டால் 90 முதல் 95 சதவீதம் ஒத்துப்போகுது என்று சந்தோஷப்பட்டார்கள். ஆனால் மனிதர்கள் எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? ஐரோப்பியப் பெயர் இல்லாவிட்டால் 15 மதிப்பெண் வரை கழிந்தது. பெண் என்றால் சராசரியாக 3. ரெண்டு ஆசிரியர்கள் புகார் செய்து, இனச் சமத்துவ ஆணையம் விசாரித்து, 1988-இல் குற்றம் உறுதியானது. வருஷத்துக்கு 60 பேர் வரை இதனால் இன்டர்வியூ வாய்ப்பை இழந்திருக்கலாம் என்றார்கள். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, மற்ற கல்லூரிகளில் இதே பாரபட்சம் பேராசிரியர்களின் மண்டைக்குள் இருந்தது, நிரூபிக்க வழியில்லை. இங்கே அது கோடில் எழுதப்பட்டிருந்தது. எடுத்துப் படித்தார்கள், மாட்டிக்கொண்டார்கள். உத்திரமேரூர் சுவர் ஞாபகம் வருதா?

அதே 1988-இல்தான் அமெரிக்காவில் ரெஸ்யூமிக்ஸ் என்ற கம்பெனி ஆரம்பித்தது. தபாலில் வந்த காகித ரெஸ்யூமை ஸ்கேன் பண்ணி, எழுத்தை அடையாளம் கண்டு, திறமைகளைப் பிரித்து டேட்டாபேஸில் போடும் சாஃப்ட்வேர். 1994-லேயே எலக்ட்ரானிக் ரெஸ்யூம் எழுதுவது எப்படி என்று அங்கே புத்தகம் வந்துவிட்டது. வெள்ளைத் தாளில் அடி, ஸ்டேப்ளர் பின் குத்தாதே, எழுத்து மேல் மடிப்பு விழாமல் பார்த்துக்கொள், பெயர்ச்சொற்களாகப் போடு. சல்லடை வந்து ஆறே வருஷத்தில் மரத்தடி மனு எழுத்தர் வந்தாச்சு, மரம்தான் இல்லை. நம்ம ஊரில் 1997-இல் நௌக்ரி தளம் வந்தது. கம்பெனிகள் சந்தா கட்டி ரெஸ்யூம் கிடங்கில் தேடும் வசதி ஒரு பக்கம், தேடலில் அகப்படுகிற மாதிரி ரெஸ்யூம் எழுதித் தரும் கட்டணச் சேவை இன்னொரு பக்கம்.

சரி, மனிதன் படித்தால் நியாயமா நடக்குமா? சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெலும் ஒரு ஆய்வு செய்தார்கள், 2007-இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் வந்தது. 2005 அக்டோபரில் இருந்து 66 வாரம், பத்திரிகையில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தகுதி சமம், பெயர் மட்டும் வேறு. ஒன்றில் உயர்சாதி இந்துப் பெயர், ஒன்றில் தலித் என்று தெரிகிற பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர். அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் உயர்சாதிப் பெயருக்கு 1 என்று வைத்தால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. அமெரிக்காவில் வெள்ளைக்காரப் பெயர், கறுப்பினப் பெயர் வைத்து இதே மாதிரி 2004-இல் ஆய்வு வெளியிட்ட இருவரில் ஒருவர் பெயர் செந்தில் முல்லைநாதன், சும்மா ஒரு தகவலுக்கு.

ஆம்பூர்க்காரன் இந்த 0.67-ஐயும் 0.33-ஐயும் படித்தால் ஒரு நிமிஷம் கையைப் பிசைஞ்சுக்கிட்டு உட்காருவான். எங்க ஊர் உழைப்பு முழுக்க இந்த ரெண்டு வகைப் பெயர்களில்தான் இருக்கிறது. மேஸ்திரி காலத்தில் தெருவைப் பார்த்து முடிவு பண்ணினார்கள், ஊருக்கு வெளியே வேலை தேடினால் கவரைப் பிரித்துப் பெயரைப் பார்த்து முடிவு பண்ணினார்கள்.

மெஷின் வந்தால் இது மறையும் என்று நம்பியவர்களுக்கு அமேசான் கதை போதும். 2014-இல் இருந்து ரெஸ்யூம்களுக்கு ஸ்டார் கொடுக்கும் ஒரு சாஃப்ட்வேரைச் சோதித்தார்கள். பத்து வருஷம் வந்த ரெஸ்யூம்களைப் பார்த்து அது கற்றுக்கொண்டது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. விளைவு, 'மகளிர்' என்ற சொல் வந்தாலே மார்க் குறைத்தது. ரெண்டு மகளிர் கல்லூரிகளின் பட்டதாரிகளையும் கீழே தள்ளியது. அந்தத் திட்டத்தைக் கைவிட்டதை 2018 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. வேலூர் டி.கே.எம், ஆக்ஸிலியம், வாணியம்பாடி மருதர் கேசரி ஜெயின் – எங்க பக்கத்துப் பெண்கள் பல பேர் முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கினதே மகளிர் கல்லூரிகளில்தான். வேறெங்கும் அனுப்ப வீட்டில் சம்மதித்திருக்க மாட்டார்கள்.

இப்போ சித்தப்பா பையன் மேட்டர். ஏடிஎஸ் என்றால் ஏதோ பேய் மாதிரி ஒவ்வொரு ரெஸ்யூமாக மோந்து பார்த்துக் கிழித்துப் போடும் என்று நினைக்கிறாங்க. 'முக்கால்வாசி ரெஸ்யூமை மெஷினே நிராகரிக்கிறது' என்ற கணக்கு எங்கே பார்த்தாலும் ஓடுகிறதே, அதைத் தோண்டினால் 2010-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரெஸ்யூம் சரிசெய்யும் சேவை விற்ற ஒரு கம்பெனியிடம்தான் போய் நிற்கிறது. எந்த ஆய்வையும் அவர்கள் வெளியிடவில்லை, கம்பெனியும் சில வருஷத்தில் மூடிவிட்டது. பயத்தை விற்றவர் போய்ச் சேர்ந்தாலும் பயம் சாகவில்லை.

பெரும்பாலான ஏடிஎஸ் அடிப்படையில் ஒரு ஃபைல் அலமாரி. நீங்க ஏற்றிய ஃபைலில் இருந்து எழுத்தை உருவிப் பேர், படிப்பு, அனுபவம் என்று கட்டத்தில் போடும். ரெக்ரூட்டர் அதில் தேடுவார். உடனடி நிராகரிப்பு பெரும்பாலும் வருவது ரெஸ்யூமால் அல்ல, அப்ளை பண்ணும்போது டிக் அடிக்கச் சொல்கிற கேள்விகளால். இவன் 'டிகிரி உண்டா' என்ற இடத்தில் 'இல்லை' அடித்திருக்கிறான், டிப்ளமாதானே. ஆறு நிமிஷ மர்மம் அனேகமாக அவ்வளவுதான். 2,000 ரூபாய் கட்டி ரெஸ்யூமுக்குத் தங்க முலாம் பூசினாலும் அந்த டிக் மாறாது. அதனால்தான் கட்டாதே என்றேன்.

ஆனால் அவன் ரெஸ்யூமை வாங்கிப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. 'ஷூ கம்பெனி, க்யூசி, 6 வருடம்'. அவ்வளவுதான் எழுதியிருந்தான். பேசவிட்டால் அரை மணி நேரம் சொல்கிறான்: வெளிநாட்டு பையர் ஏக்யூஎல் கணக்குப்படி எத்தனை ஜோடி எடுத்துச் சோதிக்கணும், லைனிலேயே எங்கெங்கே நிறுத்திப் பார்க்கணும், தையல் பிசகுக்கு எது மெஷின் காரணம் எது ஆள் காரணம், தினமும் ரிப்போர்ட் எப்படிப் போகணும். இதெல்லாம் கார் பாகம் செய்கிற கம்பெனிக்கும் தேவையான வேலை. 'சாம்பிளிங் இன்ஸ்பெக்ஷன்', 'இன்-ப்ராசஸ் குவாலிட்டி', 'ரூட் காஸ் அனாலிசிஸ்' என்ற பேரில் அங்கே தேடுகிறார்கள். அவன் கையில் வேலை இருக்கிறது, அந்தப் பேர் இல்லை. பொய் ஒன்றும் சேர்க்கவில்லை, அவன் சொன்னதையே விளம்பரத்தில் இருக்கும் சொற்களில் எழுதினோம். ரெண்டு காலம், டேபிள், போட்டோ எல்லாம் எடுத்துவிட்டு நேராக ஒரே காலம். வெள்ளை எழுத்தில் கீவேர்டுகளை ஒளித்து வைக்கும் தந்திரம் யாராவது சொன்னால் கேட்காதீங்க, உருவி எடுக்கும்போது நிறம் போய்விடும், ரெக்ரூட்டர் பார்த்துச் சிரிப்பார்.

இந்த உதவிக்குக் காசு தேவையில்லை. பழைய எக்ஸ்சேஞ்ச் இப்போது மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம். தனியார் வேலைவாய்ப்பு முகாம்கள் நடத்துகிறார்கள், ஆளோடு ஆள் பேசலாம். கல்லூரியில் இருப்பவர்களுக்கு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் இருக்கிறது. 1959 சட்டமும் போய், 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் அடங்கி, அது 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. அதில் எக்ஸ்சேஞ்சுக்குப் பேர் கேரியர் சென்டர்.

இதெல்லாம் சல்லடையைத் தாண்டும் வழி. சல்லடையைக் கேள்வி கேட்கும் வழி? ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், தகுதியான ஆட்களே தங்கள் வடிகட்டியில் அடிபட்டுப் போகிறார்கள் என்று 88 சதவீத நிறுவனங்கள் ஒத்துக்கொண்டன. ஏறத்தாழ பாதி நிறுவனங்கள் வேலையில் ஆறு மாசத்துக்கு மேல் இடைவெளி இருந்தாலே ஒதுக்கிவிடுகின்றன. பிரசவத்துக்கு நின்று திரும்புகிற பெண்களின் கதி என்ன? இந்த விதி எந்தச் சுவரிலும் வெட்டப்படவில்லை.

நியூயார்க் நகரம் 2021-இல் சட்டம் போட்டு 2023 ஜூலையில் இருந்து அமல்படுத்துகிறது: தானியங்கித் தேர்வுக் கருவி வைத்திருந்தால் வருஷத்துக்கு ஒருமுறை பாரபட்சத் தணிக்கை, விண்ணப்பிக்கிறவருக்கு முன்னறிவிப்பு. கலிஃபோர்னியாவில் டெரெக் மோப்லி என்பவர் 2023-இல் வொர்க்டே நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். நூறு வேலைக்கு மேல் அப்ளை பண்ணி எல்லாம் நிராகரிப்பு. அதில் ஒன்று நடு ராத்திரி தாண்டி அப்ளை பண்ணி, ஒரு மணி நேரம் ஆவதற்குள், 1.50க்கு வந்தது. 2025 மே மாதம், 40 வயது தாண்டிய மற்றவர்களும் வயதுப் பாகுபாட்டுப் புகாரில் அவரோடு சேரலாம் என்று கோர்ட் அனுமதித்தது. வொர்க்டே மறுக்கிறது, வழக்கு முடிவாகவில்லை. நம்ம ஊரில் 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உங்க தகவல் எங்கே போனது என்று கேட்க அதில் இடம் வைத்திருக்கிறார்கள். உங்களை ஏன் கழித்தார்கள் என்று கேட்க அதில் இடமில்லை.

ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கம் சிப்காட்டில் தைவானின் ஹாங் ஃபு குழுமத்து ஷூ தொழிற்சாலைக்கு 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். 1,500 கோடி முதலீடு, 25,000 பேருக்கு வேலை என்று அறிவிப்பு. தோல் இல்லாத ஷூ. எங்க தெருவில் இப்போ பேச்சே அதுதான். சம்பளம் எவ்வளவு என்று ஆண்கள் கேட்கிறார்கள். பெண்கள் கேட்கிறது வேற: கேட்டில் மெஷின் கொடுத்துப் பார்ப்பாங்களா, இல்ல ஆன்லைன்ல போடணுமா?

டிஸ்கி: 2019-இல் மாவட்டம் பிரிந்ததில் ஆம்பூர் இப்போ திருப்பத்தூர் மாவட்டம். ஆன்லைன் ஃபாரத்தில் திருப்பத்தூர் என்று அடித்தால் சில தளங்கள் சிவகங்கைப் பக்கத்துத் திருப்பத்தூரைப் பிடிச்சுக்குது. 'உள்ளூர்க்காரர் மட்டும்' என்று ரெக்ரூட்டர் வடிகட்டினால் காலி. பின்கோடு போட்டு, ஒருமுறை சரிபார்த்துட்டு சப்மிட் அழுத்துங்க மக்களே.